டிபி-16ஆ டிபி-23ஆ, இல்ல மூக்குல இருக்குற ஸ்பியரே போதுமா? டேஞ்சரஸ் வாட்டர்ஸ் சோனார் பஞ்சாயத்து

பாளை_பெரிஸ்கோப்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து ஒரு டெஸ்ட் பண்ணிருக்கேன், அத இங்க போடுதேன், திட்டணும்னா திட்டிக்கோங்க. கேம் டேஞ்சரஸ் வாட்டர்ஸ், நீர்மூழ்கி ஓட்டுத கேம், 2005ல வந்தது, ஏன் இன்னும் அதையே கட்டிட்டு அழுதன்னு கேக்காதீங்க, என் லேப்டாப்புக்கு அதுக்கு மேல தாங்காது. என் போட் 688ஐ, அமெரிக்க நீர்மூழ்கி. எதிரி ஒரே ஒரு கிலோ, அதான் ரஷ்ய டீசல் நீர்மூழ்கி, பேட்டரில மெதுவா போயிட்டு இருக்கான். மிஷன் எடிட்டர்ல நானே வச்சது.

ரிசல்ட்டு என்னன்னா, மூக்குல இருக்குற ஸ்பியர்ல, அதான் உருண்டை சோனார்ல, அவன் மொதல்ல தெரிஞ்சான். அடுத்து ஹல் அர்ரே, போட்டு உடம்புல இருக்குற மைக் வரிசை. டிபி-16 வால, அதான் போட்டுக்குப் பின்னால கேபிள்ல இழுத்துட்டுப் போற மைக் வரிசைய, விட்டுட்டு போனா கிட்டக்க போற வரைக்கும் ஒரு எழவும் தெரியல. இன்னொரு வால் டிபி-23 அதவிட மோசம், ஒரு வாட்டி ஸ்கிரீன்ல லேசா ஒரு கோடு விழுந்துச்சு, அதுவும் ரெண்டு பக்கமும் விழுந்துச்சு, அவன் வலப்பக்கம் இருக்கானா இடப்பக்கம் இருக்கானான்னே தெரியல. எல்லாரும் வால் வால்னு தலைல தூக்கி வச்சு ஆடுதீங்க, என் முடிவு வால் வேஸ்ட். மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பேட்டை_பிங்:
எதுக்குவே இம்புட்டு பாடு. ஆக்டிவ்ல ஒரு பிங் அடியும், எங்க இருக்கான்னு அவனே சொல்லிருவான். டெஸ்ட்டாம் டெஸ்ட்டு.

உவரிக்காரன்:
பிங் அடிச்சா நீ எங்க இருக்கன்னு அவனுக்கும் தெரியும்லா. ராத்திரி வாழைத்தோட்டத்துல டார்ச் அடிச்சிட்டு திருடனத் தேடுத மாதிரி. உனக்கு வாழை மட்டும்தான் தெரியும், அவனுக்கு நீ நல்லா தெரிவ.

வள்ளியூர்_சார்:
உவரித் தம்பி சொல்லுதது சரி. பிங் போயி அவன்மேல பட்டு திரும்பி வரணும், நமக்கு ரெண்டு பயணம், அவனுக்கு ஒரே பயணம். ரெண்டு பயணத்துல சத்தம் செத்துப்போகும். அதனால நாம அவனக் கண்டுபிடிக்குத தூரத்துக்கு ரொம்ப முன்னாலயே அவன் நம்ம பிங்க கேட்டுருவான். அது கெடக்கட்டும்.

பெரிஸ்கோப் தம்பி, நாலு கேள்வி. ஒண்ணு, எதிரி உமக்கு எந்தத் திசைல இருந்தான்? ரெண்டு, உம்ம வேகம் என்ன? மூணு, எந்த ஆழத்துல போனீரு? நாலு, எடிட்டர்ல சவுண்ட் ஸ்பீடு ப்ரொஃபைல், அதான் ஆழத்துக்கு ஏத்த மாதிரி சத்தத்தோட வேகம் எப்பிடி மாறுதுங்கற செட்டிங், எதுல கெடந்துச்சு? நாலுக்கும் ஒழுங்கா பதில் சொல்லும், அப்புறம் வால் வேஸ்ட்டா இல்லையான்னு பேசுவோம்.

பாளை_பெரிஸ்கோப்:
சார் வணக்கம். எதிரிய எப்பவும் நேரா மூக்குக்கு முன்னாலதான் வச்சேன், எல்லா அர்ரேக்கும் ஒரே மாதிரி இருக்கணும்லா, அதான். வேகம் 14 நாட், மெதுவா போனா விடிஞ்சிரும். ஸ்பியர் டெஸ்ட் 150 அடில பண்ணேன், வால் டெஸ்ட் பண்ணும்போது ஆழம் நல்லதுன்னு எங்கயோ படிச்சேன், அதனால 500 அடிக்கு போயிட்டேன். ப்ரொஃபைல் மொதல் வாரம் சர்ஃபேஸ் டக்ட்ல இருந்துச்சு, ரெண்டாவது வாரம் என்னமோ தட்டிட்டேன் போல, கன்வர்ஜென்ஸ் ஸோன்ல இருந்துச்சு, இப்பதான் கவனிச்சேன்.

வள்ளியூர்_சார்:
அட பாவி மக்கா. முப்பது வருசம் பிராக்டிகல் எடுத்திருக்கேன், ஊசல் சோதனைல நூலையும் மாத்தி குண்டையும் மாத்தி ஸ்டாப் வாட்சையும் மாத்திட்டு ஈர்ப்பு விசை தப்பா இருக்கு சார்னு ஒரு பய வந்து நின்னான், அவன் ஞாபகம்தான் வருது. மாத்துனா ஒண்ண மட்டும் மாத்தும்வே. நீரு ஆழத்தையும் ப்ரொஃபைலையும் சேத்து மாத்திட்டு வால் மேல பழி போடுதீரு.

கல்லிடை_ஈசிஇ:
சார் திட்டி முடிச்சிட்டாங்க, நான் கணக்கு சொல்லுதேன். பெரிஸ்கோப் தம்பி, நீ செஞ்சதுலயே பெரிய தப்பு எதிரிய நேர் முன்னால வச்சதுதான். நியாயமா இருக்கட்டும்னு நெனச்சு வச்சிருக்க, ஆனா அது ஸ்பியருக்கு மட்டுந்தான் நியாயம்.

வால் அர்ரேங்கது ஒரே கோடா இழுத்துட்டுப் போற மைக் வரிசை. அந்தக் கோட்டுக்கு பக்கவாட்டுல, அதாவது செங்குத்தா வர்ற சத்தத்துக்குத்தான் அதுக்கு கூர்மை ஜாஸ்தி. கோட்டோட முனைல இருந்து வர்ற சத்தத்துக்கு பீம், அதாவது அது ஒரே நேரத்துல காது குடுக்குற திசையோட அகலம், பெருசாயிரும். அதுக்கு மேல வாலுக்கு முன்முனைல யாரு இருக்கா? உன் போட்டேதான் இருக்கு. உன் ப்ரொப்பெல்லர், உன் பம்பு, உன் கியரு எல்லாஞ் சேந்து அந்தப் பக்கம்தான் கத்திட்டு இருக்கு. அதுக்குப் பின்னால ஒளிஞ்சு பேட்டரில போற கிலோவ கேக்கணும்னா எப்பிடி கேக்கும். கல்யாண வீட்டு செண்டை மேளத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் ரகசியம் பேசுதான்னு வச்சுக்கோ.

இப்ப நீளக் கணக்கு. கடல்ல சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். அப்ப 50 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு அலைநீளம் 30 மீட்டர். டிபி-16 அர்ரே 240 அடி, 73 மீட்டர் சொச்சம், ரெண்டரை அலைகூட முழுசா இல்ல. அதுக்கு 50 ஹெர்ட்ஸ்ல நேர் பக்கவாட்டுல பீம் அகலம் கிட்டத்தட்ட 21 டிகிரி வரும். டிபி-23 960 அடி, 293 மீட்டர், பத்து அலைக்கு பக்கம், பீம் அகலம் 5 டிகிரிதான். மூக்குல இருக்குற ஸ்பியர் 15 அடி விட்டம், நாலரை மீட்டர் சொச்சம். 30 மீட்டர் அலைக்கு முன்னால நாலரை மீட்டர் பந்து என்ன பண்ணும்? எந்தத் திசைன்னே அதுக்கு தெரியாது. ஆனா அதே ஸ்பியர 3000 ஹெர்ட்ஸ்ல கேளு, அலை அர மீட்டர்தான், பந்து ஒம்போது அலை அகலம், பீம் 5-6 டிகிரிக்கு வந்துரும். அப்ப எது நல்ல அர்ரேங்கற கேள்வியே தப்பு. எந்த அலைவரிசைக்கு, எந்தத் திசைக்குன்னு கேக்கணும்.

பாளை_பெரிஸ்கோப்:
அக்கா புரியுது ஆனா புரியல. நீளம் நாலு மடங்கு, பீம் கால்வாசி. சரி. அதனால எம்புட்டு தூரம் கூட கேக்கும்? அத சொல்லுங்க.

கல்லிடை_ஈசிஇ:
சத்தம் எல்லாத் திசைலயும் பரவிக் கெடக்குற கடல்ல, அர்ரே நீளம் இரட்டிச்சா 3 டெசிபல் லாபம். நாலு மடங்குன்னா 6 டெசிபல். சத்தம் உருண்டையா பரவுதுன்னா தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் கொறையும். அப்ப 6 டெசிபல் லாபம்னா இருமடங்கு தூரம். ஆழம் கம்மியான கடல்ல சத்தம் மேலயும் கீழயும் அடிச்சு அடிச்சு சப்பையா பரவும், உருளை மாதிரி, அங்க இரட்டிப்புக்கு 3 டெசிபல்தான் கொறையும், அப்ப அதே 6 டெசிபல் நாலு மடங்கு தூரம். எல்லாம் பேப்பர்ல. கடல் பேப்பர் படிச்சிட்டு வராது.

உவரிக்காரன்:
அக்கா கணக்கு எல்லாம் போடுதீங்க, நான் எனக்கு தெரிஞ்சத சொல்லுதேன். எங்க ஊர்ல விடியக்காலம் வள்ளம் திரும்பி வரும்போது கரைல படுத்துக் கெடக்கவன் கண்ணத் தொறக்காமயே இன்னாரு வள்ளம் வருதுன்னு சொல்லுவான். மொத்தத்துல ஒரு எஞ்சின் மாதிரி இன்னொரு எஞ்சின் இருக்காது, ஒண்ணு லேசா விக்கும், ஒண்ணுக்கு சைலன்சர் ஓட்டையா இருக்கும். ரொம்ப தூரத்துல வரும்போது டுப்பு டுப்புன்னு அடிச் சத்தம் மட்டுந்தான் கேக்கும், கிட்ட வர வரத்தான் மத்த கிறீச்சுக் கிறீச்சு எல்லாம் சேரும். கேம்ல நேரோபேண்ட், அதான் ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனி கோடா காட்டுத ஸ்கிரீன், பாத்ததும் எனக்கு இதான் ஞாபகம் வந்துச்சு. தூரத்துல ஒரே கோடு, கிட்ட வந்தா அஞ்சாறு கோடு.

வள்ளியூர்_சார்:
உவரித் தம்பி, நீரு சொன்னதுக்கு நம்பரும் இருக்கு. கடல் தண்ணி உயர்ந்த அலைவரிசைய உறிஞ்சிரும். 10,000 ஹெர்ட்ஸ்ல கிலோமீட்டருக்கு 1 டெசிபல் வாக்குல போயிரும். 1000 ஹெர்ட்ஸ்ல 0.06 வாக்குல. 100 ஹெர்ட்ஸ்ல 0.001தான், ஒண்ணுமே இல்லன்னு வச்சுக்கலாம். சுடலைமாடன் கோயில் கொடைக்கு ரெண்டு ஊரு தள்ளி படுத்துக் கெடந்தா டம் டம்னு மட்டும் கேக்கும்லா, வில்லுப்பாட்டுல என்ன கதை ஓடுதுன்னா தெரியும்? அதான். தூரத்துல மிஞ்சுறது அடிச் சத்தம், அடிச் சத்தத்தக் கேக்க நீள வால் வேணும். வால் எதுக்குன்னு கேட்டீரே, இதுக்குத்தான்.

பேட்டை_பிங்:
அப்ப எல்லா எடத்துலயும் டிபி-23 விட்டா முடிஞ்சுச்சுல்லா? எதுக்கு டிபி-16னு ஒண்ணு வச்சிருக்கான்?

கல்லிடை_ஈசிஇ:
டிபி-16 தடிச்ச வால், குறுக்க மூணரை இன்ச். டிபி-23 ஒல்லி, 1.1 இன்ச்தான். ஒல்லியா இருந்தா நெறைய நீளத்த உள்ள சுருட்டி வைக்கலாம், ஆனா தண்ணி உரசுற சத்தம் மைக்குக்கு ரொம்ப கிட்டக்க வந்துரும். வேகத்த கூட்டுனா ஒல்லி வால்தான் மொதல்ல இரைச்சல்ல மூழ்கும், தடிச்ச வால் கொஞ்சம் தாங்கும். அதோட நீளமான வால் நேராக ரொம்ப நேரம் பிடிக்கும். திரும்பி திரும்பி சண்ட போடுத எடத்துல டிபி-23 பெரிய தொல்ல. தம்பி 14 நாட்ல ரெண்டையும் ஓட்டிருக்கான், டிபி-23 ஏன் மோசமா தெரிஞ்சுச்சுன்னு இப்ப புரியுதா.

விஜயநாராயணம்_டவர்:
ஒரு சின்ன டவுட். நான் கேமுக்கு புதுசு. போட்டுல இருந்து பின்னால ஒரு ஒயர் விட்டேன், சோனார் ஸ்கிரீன்ல ஒண்ணும் மாறல. வால் வேலை செய்யலியா?

பாளை_பெரிஸ்கோப்:
அண்ணே நீங்க விட்டது ஃப்ளோட்டிங் ஒயரா இருக்கும். அது ரேடியோவுக்கு. சோனாருக்கு இல்ல. ரெண்டு வால் இருக்கு, ஒண்ணு கேக்குற வால், ஒண்ணு மெசேஜ் வாங்குற வால்.

உவரிக்காரன்:
ஹாஹா, ஊரப் பாரு, விஜயநாராயணத்துக்காரரே ஃப்ளோட்டிங் ஒயர சோனார்னு நெனச்சுட்டாரு. உங்க ஊர்ல நிக்குற டவரே அந்த ஒயருக்குத்தானவே.

விஜயநாராயணம்_டவர்:
ஏ ஆமாலே! சின்னதுல இருந்து பாத்துட்டு இருக்கேன், ராத்திரி சிவப்பு லைட்டு எரியும், அதப் பாத்துத்தான் ஊரு வந்துட்டுன்னு பஸ்ல எந்திரிப்போம். ஐஎன்எஸ் கட்டபொம்மன்னு போர்டு பாத்திருக்கேன், என்ன செய்யுதுன்னு வீட்டுல கேட்டா நேவின்னு மட்டும் சொல்லுவாக.

வள்ளியூர்_சார்:
1990ல தொறந்தது. விஎல்எஃப், அதாவது ரொம்பத் தாழ்ந்த அலைவரிசை ரேடியோ ஒலிபரப்பு நிலையம், நீர்மூழ்கிக்கு செய்தி அனுப்ப. ஒசந்த டவர் 471 மீட்டர். 18.2 கிலோஹெர்ட்ஸ்னு வச்சா ரேடியோ அலைநீளம் பதினாறரை கிலோமீட்டர் வரும், அதனாலதான் அம்புட்டு ஒசரம் தேவப்படுது. அந்த அலை கடலுக்குள்ள சில மீட்டர்ல இருந்து ஒரு இருபது மீட்டர் வாக்குலதான் இறங்கும். நீர்மூழ்கி ஆழத்துல இருந்துட்டே ஒயர மேல மிதக்க விட்டு வாங்கிக்கிடலாம், ஆனா பதில் அனுப்ப முடியாது, ஒருவழிப் பாதைதான். அதே 18.2 கிலோஹெர்ட்ஸ சத்தமா கடலுக்குள்ள விட்டா அலைநீளம் எம்புட்டு தெரியுமா? எட்டு சென்டிமீட்டர். ஒரே நம்பர், ஒண்ணு பதினாறரை கிலோமீட்டரு, ஒண்ணு எட்டு சென்டிமீட்டரு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதச் சொன்னா வாயப் பொளந்துட்டு கேப்பாங்க.

பாளை_பெரிஸ்கோப்:
சார் டாபிக் எங்கயோ போவுது. அந்த ஆழம் விஷயம் சொல்லுங்க. 150 அடி, 500 அடி மாத்துனது அவ்ளோ பெரிய தப்பா?

வள்ளியூர்_சார்:
பெரிய தப்புதான். மார்கழி மாசம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு கோயில் ஸ்பீக்கர் மூணு ஊரு தள்ளி கணீர்னு கேக்கும். அதே ஸ்பீக்கர மத்தியானம் போட்டா தெருமுனை தாண்டாது. ஏன்? விடியக்காலம் தரை குளுந்து கெடக்கும், மேல காத்து சூடு. சத்தம் எப்பவும் வேகம் கொறஞ்ச பக்கமா, அதாவது குளுந்த பக்கமா வளையும். அதனால தரையோட தரையா ஓடும். மத்தியானம் தரை சூடு, சத்தம் மேல வளஞ்சு போயிரும்.

கடல்ல இதுவேதான், தலகீழா. மேல் தண்ணி காத்துலயும் அலையிலயும் கலந்து ஒரே சூட்டுல இருக்கும், அதுக்குக் கீழ திடீர்னு குளிரும், அந்த எடத்தத்தான் லேயர்னு சொல்லுதோம். மேல கலந்த தண்ணிக்குள்ள ஆழம் கூடக் கூட அழுத்தத்தால சத்தத்தோட வேகம் லேசா கூடும், நூறு மீட்டருக்கு 1.6, 1.7 மீட்டர் வாக்குல, அதனால சத்தம் மேல் பக்கமா வளஞ்சு மேலயே மாட்டிக்கிட்டு ஓடும். அதான் சர்ஃபேஸ் டக்ட். லேயருக்கு கீழ இறங்குன சத்தம் இன்னும் கீழ வளஞ்சு போயிரும். அப்ப லேயருக்கு மேல இருக்கவன் கீழ இருக்கவன கேக்குறது கஷ்டம், கீழ இருக்கவன் மேல இருக்கவன கேக்குறதும் கஷ்டம். நீரு ஸ்பியர் டெஸ்ட்ல கிலோவோட சேந்து மேல நின்னீரு. வால் டெஸ்ட்ல கீழ போயிட்டீரு. ஸ்பியர் அடுத்த வீட்டுல இருந்து கேக்குது, வால் அடுத்த ஊர்ல இருந்து கேக்குது.

அமெரிக்க நேவிக்காரன் 1930கள்ல இதே மாதிரிதான் குழம்பினான். காலைல நல்லா வேலை செய்த சோனார் மத்தியானம் ஆனா சரியா வேலை செய்யல. ஆப்பரேட்டர் சாப்புட்டுட்டு தூங்கிருதான்னு சொன்னவங்களும் உண்டு. கடைசில வெயில் மேல் தண்ணிய சுட வச்சு சத்தத்த கீழ வளைக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஆஃப்டர்நூன் எஃபெக்ட்னே பேரு.

பாளை_பெரிஸ்கோப்:
அப்ப கன்வர்ஜென்ஸ் ஸோன் தட்டினது?

கல்லிடை_ஈசிஇ:
அது ஆழ்கடல் விஷயம். கீழ வளஞ்சு போன சத்தம் ரொம்ப ஆழத்துல அழுத்தம் கூடுறதால மறுபடி மேல வளஞ்சு, ஏறக்குறைய 30 கடல் மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு வளையமா மேல வரும். இடைல இருக்குற தூரத்துல ஒண்ணும் கேக்காது, அந்த வளையத்துல பளிச்சுன்னு கேக்கும். வாலுக்கு அது சொர்க்கம். ஆனா நீ எதிரிய நடுவுல, செவிடு விழுந்த எடத்துல வச்சிருப்ப.

பாளை_பெரிஸ்கோப்:
வச்சிருக்கேன் அக்கா. :(

தூத்துக்குடி_உப்பு:
லேட்டா வாரேன், கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருக்கேன், நெட் இப்பதான் கெடச்சுது. ஒரு விஷயம் யாரும் சொல்லல. கிலோ பேட்டரில போறான்னு சொன்னீங்க. பேட்டரில போற டீசல் போட்டு கிட்டத்தட்ட ஊமை. எஞ்சின் ஓடல, பெரிய பம்பு ஓடல, வால் கேக்கணும்னா அங்க அடிச் சத்தக் கோடு ஒண்ணு இருக்கணும்லா. கோடே இல்லாதவன வச்சு கோடு கேக்குற வால டெஸ்ட் பண்ணிருக்கீங்க. அவன ஸ்நார்க்கல் போட வைங்க, அதான் தண்ணிக்கு மேல காத்துக் குழாய நீட்ட வைங்க, டீசல் ஓட விடுங்க, அப்ப பாருங்க. இல்லன்னா ரஷ்ய அகுலா மாதிரி அணு ரியாக்டர்ல ஓடுற போட்ட வைங்க, அது எப்பவும் ஏதாவது ஓடிட்டே இருக்கும்.

எங்க கப்பல் மாதிரி பெரிய வர்த்தகக் கப்பல்னா இன்னும் சுலபம். மெயின் எஞ்சின் நூறு ஆர்பிஎம் பக்கத்துல ஓடும், ப்ரொப்பெல்லர் நேரா அதுலதான் மாட்டிருக்கும், அஞ்சு பிளேடுன்னா 100 பெருக்கல் 5 வகுத்தல் 60, 8.3 ஹெர்ட்ஸ்ல ஒரு அடி. டெமான்ல, அதான் ப்ரொப்பெல்லர் அடிய எண்ணுற ஸ்கிரீன்ல, இதத்தான் பாக்குறோம், பிளேடு எண்ணிக்கையும் ஆர்பிஎம்மும் தெரிஞ்சா ஆளு யாருன்னும் எந்த வேகம்னும் சொல்லிரலாம். உள்ள உக்காந்திருக்க எனக்கு காதே போச்சு, வெளிய கடல்ல எம்புட்டு தூரம் போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

உவரிக்காரன்:
உப்பு அண்ணாச்சி சொல்லுதது சரி. இன்னொண்ணு, எங்க பக்கம் பாறையும் பவளமும் இருக்குற எடத்துல தண்ணிக்குள்ள தலைய விட்டா எண்ணெய்ச்சட்டில கடுகு பொரியுத மாதிரி சத்தம் கேக்கும். சின்ன இறால் ஒண்ணு இருக்கு, கொடுக்க சொடக்குப் போடும், அது லச்சக்கணக்குல சேந்து அடிக்குற சத்தம். மன்னார் வளைகுடால ஒரு மிஷன் பண்ணா அந்த இரைச்சலையும் வைக்கணும்.

கல்லிடை_ஈசிஇ:
ஆமா, ஆனா அது 2000 ஹெர்ட்ஸ்ல இருந்து மேல 20,000 வரைக்கும்தான் ஜாஸ்தி. ஸ்பியரத்தான் கெடுக்கும், வாலோட அடிச் சத்தத்த அவ்வளவா தொடாது. பாத்தியா, எல்லாரையும் ஒரே இரைச்சல் கெடுக்காது. ஆனா அந்தத் தண்ணில வால் விட்டா தரைல உரசி அந்துரும், ஆழம் அம்புட்டு இல்ல. அங்க ஸ்பியரும் ஹல்லும்தான் கதி.

விஜயநாராயணம்_டவர்:
கோல்ட் வாட்டர்ஸ்ல இதெல்லாம் தேவையே இல்லியே. 2017ல வந்தது, அதுல எதிரி எங்க இருக்கான்னு அதுவே கணக்குப் போட்டு சொல்யூஷன் பர்சன்ட் ஏத்திட்டு போவுது, நான் டார்ப்பிடோ மட்டும் விடுதேன்.

வள்ளியூர்_சார்:
அதுவும் நல்ல கேம்தான். ஆனா ஓட்டல்ல சாப்பிடுததும் அடுப்படில நிக்குததும் ஒண்ணா.

பாளை_பெரிஸ்கோப்:
ஒரு கேவலத்த சொல்லிருதேன், சிரிக்காதீங்க. அமெரிக்காக்காரன் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், ரஷ்யாக்காரன் 50 ஹெர்ட்ஸ், அதனால 50ல கோடு விழுந்தா ரஷ்யப் போட்டுன்னு கண்டுபிடிக்கலாம்னு படிச்சிருந்தேன். நேத்து ராத்திரி ஹெட்போன்ல உம்ம்ம்னு ஒரு சத்தம். அடிச் சத்தம். கிலோ கிட்ட வந்துட்டான்னு போட்ட நிறுத்தி, சத்தமில்லாம கெடந்து, அரை மணி நேரம் வேர்த்து விறுவிறுத்துப் போயி உக்காந்திருந்தேன். அப்புறம் சார்ஜர புடுங்கினேன், சத்தம் போயிட்டு. எங்க வீட்டு எர்த்திங் சரியில்ல. நம்ம ஊரு கரண்டும் 50 ஹெர்ட்ஸ்லா.

தூத்துக்குடி_உப்பு:
மொத ரஷ்ய நீர்மூழ்கி பாளையங்கோட்டைல பிடிபட்டுச்சு.

உவரிக்காரன்:
எலெக்ட்ரீசியன கூப்புடுலே மொதல்ல. ஷாக் அடிச்சிரப் போவுது.

பாளை_பெரிஸ்கோப்:
சரி, நேத்தும் முந்தாநேத்தும் மறுபடி டெஸ்ட் பண்ணேன். இந்த வாட்டி சார் சொன்ன மாதிரி ஒண்ண மட்டும் மாத்துனேன். என் வேகம் 5 நாட். நானும் எதிரியும் லேயருக்குக் கீழ, ஒரே ஆழம். எதிரிய நேர் பக்கவாட்டுல வச்சு மெல்ல மெல்ல கிட்ட வரவிட்டேன். ப்ரொஃபைல எழுதி ஸ்டிக்கி நோட்டுல ஒட்டி வச்சுக்கிட்டேன், தட்டிரக்கூடாதுன்னு.

அகுலாவுக்கு, டிபி-23ல மொதல்ல கோடு விழுந்துச்சு, ஸ்பியர்ல தெரியுத தூரத்துக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி. அடுத்து டிபி-16. ஹல்லும் ஸ்பியரும் கடைசில. அப்புறம் வேகத்த மட்டும் ஏத்திக்கிட்டே போனேன், டிபி-23 கோடு மொதல்ல கரஞ்சுது, டிபி-16 கொஞ்ச நேரம் தாங்குச்சு, அதுக்கப்புறம் ரெண்டும் கோவிந்தா. அக்கா சொன்னது அப்பிடியே.

கிலோ பேட்டரில, வாலுக்கும் ஸ்பியருக்கும் பெரிய வித்தியாசமே தெரியல. ரெண்டுமே ரொம்ப கிட்டக்க வந்தப்புறம்தான். ஸ்நார்க்கல் போட வச்சேன், வால் உடனே பிடிச்சிட்டு. உப்பு அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் எதிரிய நேர் பின்னால வச்சும் பாத்தேன். ஸ்பியர் சுத்தமா செவிடு, நம்ம ப்ரொப்பெல்லர் பக்கம் அதுக்கு காதே கெடையாது. வால் ஓரளவு கேட்டுச்சு. இது ஒண்ணுக்காகவே வால விட்டுட்டு போகணும்னு இப்ப தோணுது, பின்னாலயே ஒருத்தன் வந்தா ஸ்பியர் மட்டும் வச்சிருக்கவனுக்கு தெரியவே தெரியாது.

அதனால வால் வேஸ்ட்னு சொன்னத வாபஸ் வாங்குதேன். ஆனா ஸ்பியர் வேஸ்ட்னும் சொல்ல மாட்டேன். கிட்டக்க வந்தப்புறம் எவன் எங்க நிக்கான்னு சட்டுன்னு திசை சொல்லுதது அதான், ரெண்டு பக்கமும் கோடு போட்டு குழப்பாது.

பேட்டை_பிங்:
ரெண்டு பக்கமும் கோடு விழுததுக்கு என்ன செய்யணும்னு யாரும் சொல்லலியே.

கல்லிடை_ஈசிஇ:
கோடு மாதிரி அர்ரேக்கு சத்தம் எந்தக் கோணத்துல வருதுன்னு மட்டுந்தான் தெரியும், வலமா இடமான்னு தெரியாது. வலப்பக்கம் 60 டிகிரியும் இடப்பக்கம் 60 டிகிரியும் அதுக்கு ஒண்ணுதான். அதனால திரும்பணும். நீ வலப்பக்கம் ஒரு 40 டிகிரி திரும்பினா, நெஜ ஆளு அதே திசைல அசையாம நிப்பான், பொய்யாளு 80 டிகிரி தாவிருவான். யாரு நிக்கானோ அவன்தான் நெஜம்.

ஆனா திரும்பினதும் பாக்கக்கூடாது. நீ திரும்பிட்ட, வால் இன்னும் திரும்பல. டிபி-16க்கு கேபிளே 2400 அடி, 730 மீட்டர். 5 நாட்ல விநாடிக்கு ரெண்டரை மீட்டர் போற. நீ திரும்பின எடத்துக்கு அர்ரே வந்து சேரவே கிட்டத்தட்ட 5 நிமிஷம். அதுக்கப்புறம் அர்ரேயும் வளைவத் தாண்டி நேராகணும், டிபி-23ன்னா அதுக்கு மட்டும் இன்னும் ரெண்டு நிமிஷம். அதுக்கு முன்னால ஸ்கிரீன்ல தெரியுத எந்தக் கோட்டையும் நம்பாத.

உவரிக்காரன்:
வலை இழுத்துட்டு போகும்போது வள்ளத்தத் திருப்பினா வலை ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பின்னால வரும். அதே கததான்.

பாளை_பெரிஸ்கோப்:
சூப்பர் அக்கா. இன்னைக்கு ராத்திரி நெஜ மிஷன், டெஸ்ட் இல்ல. கிலோ ரெண்டு. போயிட்டு வந்து சொல்லுதேன்.

பாளை_பெரிஸ்கோப்:
செத்துட்டேன்.

உவரிக்காரன்:
அதுக்குள்ளயா? என்ன ஆச்சு மக்கா?

பாளை_பெரிஸ்கோப்:
ஸ்நார்க்கல் போட்டவன டிபி-23ல அழகா பிடிச்சேன். 50 ஹெர்ட்ஸ்ல கோடு, எர்த்திங் இல்ல, சார்ஜர புடுங்கிட்டுத்தான் விளையாடுனேன். ரெண்டு பக்கமும் கோடு. அக்கா சொன்ன மாதிரியே 40 டிகிரி திரும்பினேன். இடப்பக்கக் கோடு அசையாம நின்னுச்சு, வலப்பக்கக் கோடு ஓடுச்சு. சரி இவன்தான்னு இடப்பக்கம் ரெண்டு டார்ப்பிடோ விட்டேன். அது பாட்டுக்கு போச்சு போச்சு, போயிட்டே இருந்துச்சு. அங்க ஒரு பயலும் இல்ல. நம்ம டார்ப்பிடோ சத்தத்த கேட்டுட்டு வலப்பக்கம் இருந்து அவன் ஒண்ணு விட்டான். வால அறுத்துட்டு ஓடுனேன், முடியல.

பேட்டை_பிங்:
ஒரு பிங் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்லா. நான் சொன்னா யாரு கேக்கா.

கல்லிடை_ஈசிஇ:
அசையாம நின்ன கோடு பொய்யா இருக்க முடியாதே. எனக்கு ஒண்ணு இடிக்குது.

வள்ளியூர்_சார்:
எனக்கு இடிக்கல. தம்பி, திரும்பி முடிச்சப்புறம் எம்புட்டு நேரம் கழிச்சு டார்ப்பிடோ விட்டீரு?

பாளை_பெரிஸ்கோப்:
மூணு நிமிஷம் இருக்கும் சார்.